ஏழு நிமிட அட்டை

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்பதுதான் தவமணியின் பயம். விசாரணை அறைக்கு வெளியே நாற்காலி நுனியில் உட்கார்ந்து, நடந்ததை மனதுக்குள் வரிசைப்படுத்திப் பார்த்தாள். ஆறாம் வகுப்போடு நின்றவள். நாலு வார்த்தை முன்னே பின்னே போனால் எல்லை கடக்கும் பாஸைப் பிடுங்கிவிடுவார்கள். பாஸ் போனால் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூட வேலையும் போய்விடும். பதினெட்டு வருஷ வேலை. இதை நினைத்தால் அழுகை வரும் என்று பார்த்தாள். வரவில்லை. கைகள் இரண்டும் யாருடையவோ போல மடியில் மரத்துக் கிடந்தன.

நடந்தது இதுதான்.

காத்திருப்பு நேரத்தை அளக்க எல்லைச் சாவடியில் ஒரு மெஷின் வைத்திருந்தார்கள். வரிசையில் வந்து சேரும் முந்நூறு பேருக்கு ஒருவர் கழுத்தில் பச்சை அட்டை ஒன்றை மாட்டுவார்கள். மாட்டும்போது வாசலில் ஒரு 'பீப்'. கவுண்டரில் திருப்பிக் கொடுக்கும்போது இன்னொன்று. நடுவில் எத்தனை நிமிடமோ அது மேலே தொங்கும் திரையில் வரும். அடுத்த அட்டை வந்து சேரும்வரை அந்த எண் மாறாது. நாற்பதுக்கு மேலே போனால் எட்டுக் கவுண்டரையும் திறந்து வைக்க வேண்டும். பதினைந்துக்குக் கீழே வந்தால் மூன்றை மூடி, ஆட்களை லாரிப் பக்கம் அனுப்ப வேண்டும். அட்டை கை மாறினால் பாஸ் ரத்து என்று சுவரில் எழுதிப் போட்டிருந்தார்கள்.

மெஷின் வருவதற்கு முன்பு தரையில் போட்ட மஞ்சள் கோடு ஒன்றும் அங்கே உண்டு. வரிசை அதைத் தாண்டினால் எல்லாக் கவுண்டரும் திறக்க வேண்டும் என்பது பழைய உத்தரவு. அதை யாரும் ரத்து செய்யவில்லை. யாரும் குனிந்து பார்ப்பதும் இல்லை.

தினமும் கடக்கிறவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளைத்தாச்சியோ கைக்குழந்தைக்காரியோ நின்றால், வரிசையே ஒதுங்கி முன்னே அனுப்பிவிடும். சாவடிக்காரர்களும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

அன்று மத்தியானம் தவமணிக்கு முன்னால் யோகேஸ்வரி நின்றாள். எட்டு மாத வயிறு, உதடு வெளுத்திருந்தது, கழுத்தில் பச்சை அட்டை. தவமணி கையைத் தூக்கிக் குரல் கொடுத்தாள்.

"கொஞ்சம் வழி விடுங்கப்பா! பிள்ளைத்தாச்சிப் பொண்ணு நிக்குது."

"விடுறோம்மா. பேரு வைக்கிறதுக்குக் கூப்பிடுவீங்கல்ல?" என்றான் முன்னால் நின்ற ஒருவன்.

"உன்னைக் கூப்பிட்டா சோறு பத்தாதுடா!" என்றது இன்னொரு குரல். சிரித்துக்கொண்டே எல்லோரும் ஒதுங்கினார்கள்.

யோகேஸ்வரி இரண்டடி போய்த் திரும்பினாள். "அக்கா, இந்த அட்டையை உங்ககிட்ட குடுத்துட்டுப் போகட்டா? நான் இப்படிப் போனா மெஷின் தப்பாக் கணக்குப் போடும்."

"ஐயோ, எனக்கு வேணாம்மா! கை மாத்துனா பாஸைப் பிடுங்கிருவாங்க. நீயே கொண்டு போ."

அவள் கொண்டு போனாள். திரையில் ஏழு என்று வந்தது.

கண்காணிப்பாளர் குணசீலன் மூன்று கவுண்டர்களை மூடினார். அவருடைய அறைக் கண்ணாடி வழியாகக் கூடம் முழுக்கத் தெரியும். கவுண்டர் எழுத்தர் ஓடிவந்து, "சார், வரிசை மஞ்சள் கோட்டைத் தாண்டி வாசலுக்கே போயிருச்சு" என்றாராம். குணசீலன் எட்டிப் பார்த்தாராம். "தெரியுதுய்யா. போன மாசம் கண்ணை நம்பித் திறந்ததுக்கு மேலிடத்துல விளக்கம் கேட்டாங்க. மெஷின் ஏழுன்னுதானே சொல்லுது? அடுத்த அட்டை வரட்டும்."

அடுத்த அட்டை வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் கூடத்தில் மூச்சு விட இடமில்லை. நெரிசலில் ஒரு பெரியவர் மயங்கி விழுந்தார். கம்பியில் மண்டை மோதியதில் ஆறு தையல் போட்டார்கள்.

தவமணி இரக்கப்பட்டு வழி விடச் சொன்னாள். ஆனால் அட்டையை வாங்கப் பயந்தாள். யோகேஸ்வரி கணக்குத் தப்பும் என்று தெரிந்தே அட்டையோடு போனாள். குணசீலன் திரை சொன்னபடி கவுண்டரை மூடினார், கூட்டத்தைப் பார்த்த பிறகும் திறக்கவில்லை. மூவரும் ஆளுக்கொரு விதியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்கள். அப்படியானால் அந்தப் பெரியவர் விழுந்ததற்கு இவர்களில் யார் பொறுப்பு?

விடை: குணசீலன்தான். பெண்கள் இருவருக்கும் விதியை மீறாமல் செய்ய வேறு வழி இருக்கவில்லை. அட்டையைக் கை மாற்றியிருந்தால் பாஸ் போயிருக்கும். மாற்றாமல் வரிசையிலேயே நின்றிருந்தால் அந்தப் பெண்ணே விழுந்திருப்பாள். அவருக்கு மட்டும் விதியிலேயே வழி இருந்தது. அட்டை, அதைச் சுமந்தவள் நின்ற நேரத்தைத்தான் சொன்னது. வரிசையின் நீளத்தை மஞ்சள் கோடு சொன்னது. அந்த உத்தரவு செல்லுபடியில் இருந்தது, அவர் கண்ணாலும் பார்த்தார். மூடும்போது அவருக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். திறக்காமல் இருந்தபோது தெரியும்.

விடை தவமணிக்கும் தெரிந்தேதான் இருந்தது. ஆனால் விசாரணை அறைக்குள் கூப்பிட்டபோது யாரும் அதைக் கேட்கவில்லை. விசாரணை அதிகாரி அம்மாள் கேமராப் படத்தை ஓட்டிக் காட்டினார். படத்தில் சத்தம் இல்லை. தவமணியின் தூக்கிய கையும், முன்னே போகும் யோகேஸ்வரியும் மட்டும் தெரிந்தன.

"வரிசையை மாத்துறதுக்குப் பயணிகளுக்கு அதிகாரம் இல்லை. நீங்கதானே அந்தப் பொண்ணை அனுப்பினீங்க?"

தவமணி படத்தில் தெரிந்த தன் கையைப் பார்த்தாள்.

"இல்லைங்கம்மா. அதுவே முந்திக்கிட்டுப் போச்சு. நான் கையைத் தூக்கி, நில்லுன்னு சொன்னேன்."

அம்மாள் அதை அப்படியே எழுதிக்கொண்டு தாளை நகர்த்தினார். தவமணி எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு, அவர் திருப்பிக் கொடுத்த பாஸை வாங்கிப் பைக்குள் வைத்தாள்.