மூக்கொழுகுன காருக்கு மூணு வைத்தியம்

ஒரு ஊர்ல ஒரு காரு இருந்துச்சு கண்ணு. அந்தக் காருக்கு ஓயாத மூக்கொழுகல். அதுக்கு வைத்தியம் பாத்த மேதாவி யாருங்கிறியா? வேற யாரு, உன் அப்புச்சி நான்தான். நீ "ம்" போட்டாத்தான் கதை நகரும், ஆமா.

ம்.

கண்ணாடியில சேறு அடிச்சா ஒரு பட்டனை அமுக்குவோமில்ல? ஸ்ஸ்ர்ர்னு தண்ணி பீச்சும், அப்புறம் வைப்பரு சரக் சரக்குனு தொடைக்கும். அந்தத் தண்ணிக்குன்னு பானெட்டுக்குள்ள ஒரு டப்பா இருக்கும். நம்ம காருல காலையில டப்பா நெறய ஊத்துனா, சாயங்காலம் ஒரு சொட்டு இருக்காது. காருக்கு அடியில மட்டும் ஒரு கொளம். அதுல தவளைக குடிவந்து, கல்யாணம் காச்சி எல்லாம் நடத்துச்சுக.

அந்தக் காரு எங்க மாமனாரு குழந்தைசாமியோடது. புள்ளை மாதிரி வச்சிருந்து, வயசாயிருச்சுன்னு எனக்குக் குடுத்தாரு. அப்போ ஒருநாள் சொல்லி அனுப்புனாரு. ஞாயித்துக்கெழமை வர்றாராம், காருலயே பழனிக்குப் போகணுமாம், வண்டியில ஒரு கொறை இருந்தாலும் திருப்பி எடுத்துக்குவாராம். அடைமழைக் காலம் வேற, ரோடெல்லாம் செம்மண் சேறு. தண்ணி பீச்சலைன்னா நம்ம காரு போச்சு.

மெக்கானிக்கிட்ட விடுங்கன்னு உங்க அம்மிச்சி துளசிமணி சொன்னா. நான் கேப்பனா? சின்ன வயசுலயே சைக்கிளுக்குத் தனியா செயின் மாட்டுனவனாச்சே.

ம்.

மொத வைத்தியம், சோப்பு. பெட்ரோல் டேங்க் ஒழுகுனா சோப்பைத் தேய்ச்சா அடைச்சுக்கும்னு லாரிக்காரங்க பேசிக்கிட்டதைக் கேட்டிருந்தேன். ஒரு முழு சோப்பையும் டப்பாவுக்கு உள்ளயும் வெளியயும் அப்புனேன். பெட்ரோல்ல சோப்பு கரையாது, தண்ணியில கரையும். இது ஊருக்கே தெரியும், எனக்கு மட்டும் காலையில தண்ணி ஊத்துனப்பதான் தெரிஞ்சுது. புஸ்ஸ்ஸ்னு நுரை! வாசல் தாண்டி, தெரு தாண்டி, எதுத்த வீட்டு ஆட்டுக்குட்டி நுரைக்குள்ள போய், பளபளன்னு குளிச்சு வெளிய வந்துச்சு. பக்கத்து வீட்டு ராவுத்தரு எட்டிப் பாத்து, காருக்குச் சவரமான்னு கேட்டுட்டுப் போனாரு.

அப்புறம் ரெண்டாவது வைத்தியம். ரெண்டு உருண்டையைச் சேத்துப் பிசைஞ்சு குழாய்க்கு அப்புவாங்களே, கல்லு மாதிரி இறுகிக்குமே, அந்தப் பசை. வடை மாவு மாதிரி பிசைஞ்சு டப்பா முழுக்க அப்புனேன். இறுகிருச்சு. ஒரு சொட்டு வெளிய வரலை! ஏன்னா ஒரு சொட்டு உள்ள போகலை. மூடியையும் சேத்து அப்பிட்டேன்.

பழைய சாமான் கடையில வேற டப்பா வாங்கி மாட்டுனேன். அதுவும் ஒழுகுச்சு கண்ணு.

அப்போதான் உங்க அம்மிச்சி கேட்டா. "ஏனுங்க, எங்க ஒழுகுதுன்னு பாத்தீங்களா?"

பாக்கலை. வைத்தியம் பாக்குற அவசரத்துல வியாதியைப் பாக்க நேரமில்லை.

ம்... கண்ணைத் தொறந்து "ம்" போடு.

மூணாவது, எம்மூளையில உதிச்சது. வெள்ளைத் துணிக்குப் போடுற சொட்டு நீலம் இருக்கில்ல, அதுல ஒரு முழு பாட்டிலை டப்பாவுல கவுத்தேன். எங்க நீலம் தெரியுதோ அங்கதான் ஓட்டை. குனிஞ்சு பாத்தா, டப்பாவுக்குக் கீழ இருக்குற ரப்பர் குழாயை எலி கரண்டியிருக்கு! டொப் டொப்னு நீலம். டப்பா ரெண்டும் பாவம், ஒரு தப்பும் பண்ணலை. கடிச்ச இடத்தை வெட்டி எறிஞ்சு, புதுக் குழாய் சொருகுனேன். பீச்சுற ஓட்டையில சோப்பு அடைச்சிருந்துச்சு, அதையும் ஊக்கால குத்தி எடுத்தேன். ஒழுகல் நின்னே போச்சு. அன்னிக்கு நான் நடந்த நடையைப் பாக்கணுமே, காருல பாதியை நானே செஞ்ச மாதிரி.

ஞாயித்துக்கெழமை வந்துச்சு, மாமனாரும் வந்தாரு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளை மீசை. முன் சீட்டுல, கண்ணாடியை எறக்கி விட்டுக்கிட்டு உக்காந்தாரு. உடுமலை தாண்டுனதும் ஒரு லாரி சளார்னு சேத்தை வாரி அடிச்சுது. கண்ணு மண்ணு தெரியலை. நான் மீசையை முறுக்கிக்கிட்டே பட்டனை அமுக்குனேன்.

ஸ்ஸ்ர்ர்ர்!

ஒரு பக்கம் கண்ணாடியில நேரா விழுந்துச்சு. இன்னொரு பக்கம்... ஊக்கால குத்துனனே, அந்த மூக்கு திரும்பியிருச்சு. தண்ணி வளைஞ்சு, சன்னல் வழியா உள்ள வந்துச்சு. அந்த நீலத்தை நான் கழுவி ஊத்தலையே கண்ணு.

"வண்டியை நிறுத்துங்க மாப்ள," அப்படின்னாரு.

நிறுத்துனேன். எறங்குனாரு. வேட்டி நீலம், சட்டை நீலம், மீசை சுத்தமா மயில் கழுத்து நீலம். சாவியைக் குடுத்துரலாம்னு நானே கையை நீட்டிட்டேன். அவரு வாங்கலை. நீல வழிசலா நின்ன காரை ஒரு சுத்துச் சுத்திப் பாத்தாரு. அப்புறம் என்னை ஒரு சுத்துச் சுத்திப் பாத்தாரு.

"காரு உங்ககிட்டயே இருக்கட்டும் மாப்ள. பழனி பஸ்ஸு எங்க நிக்கும்?"

ம்?

"ம்" காணமே. சரி, நீ தூங்கிப் போயிட்ட, நான் கதையை ஓரமா நிறுத்திக்கிறேன். தூங்கு சாமி.