மூன்று மரத்திலும் கட்டிய தொட்டில்

அரசன் விடங்க வல்லபன் எது சொன்னாலும் சபை "ஆகா" என்று தலையாட்டும். ஆட்டாத தலைகள் சபையில் இல்லை.

அவன் நாட்டில் மூன்று மரங்களைத் தேடி ஜனம் திரண்டு வரும். பிள்ளையாரின் அரசமரம், தர்காவின் வேப்பமரம், மாதா கோயில் புன்னைமரம். பிள்ளைவரம் கேட்கும் பெண்கள் முந்தானையைக் கிழித்துக் கிளையில் குட்டித் தொட்டில் கட்டிவிட்டுப் போவார்கள். எந்த மதத்துக்காரி என்று யாரும் கேட்பதில்லை. மரமும் கேட்டதில்லை.

அப்போது மந்திரி மருதப்பர் புது மாளிகை கட்டிக்கொண்டிருந்தார். உத்தரத்துக்கு மரம் போதவில்லை. உடனே அவருக்கு நாட்டின் ஒற்றுமையைப் பற்றிக் கவலை வந்துவிட்டது.

"மூன்று மரம் இருந்தால் ஜனங்கள் மூன்றாகப் பிரிவார்கள், பிரபு. சக்தியுள்ளது ஒன்று போதும். மற்ற இரண்டையும் வெட்டிவிடலாம்."

அரசனுக்குப் பிடித்துப்போயிற்று. யோசிக்கிற வேலை மிச்சம் பாருங்கள்! விகடகவி சாத்தையனைக் கூப்பிட்டான்.

"எந்த மரத்துக்குச் சக்தி என்று பௌர்ணமிக்குள் கண்டுபிடி. இல்லாவிட்டால் மூன்றையும் வெட்டுவேன். நீயும் நாட்டை விட்டுக் கிளம்பு."

அந்த மரத்தடிகளில் கைகூப்பி நிற்கும் பெண்களை நினைத்துச் சாத்தையன் வேதனைப்பட்டான். மூன்று மரத்துக்கும் நடந்தான். கிளை கிளையாக அண்ணாந்து பார்த்தான். கடைசி மரத்தடியில் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பௌர்ணமியன்று சபை கூடியது. மருதப்பர் தச்சனையும் கூட்டி வந்திருந்தார். ஒற்றுமைக்கு அளவெடுக்க ஆள் வேண்டுமே!

"கண்டுபிடித்தாயா?" என்றான் அரசன்.

"வரம் பலித்த ஒருத்தியைக் கண்டுபிடித்தேன், அரசே. வெகுகாலம் பிள்ளையில்லை. இப்போது ஆண் குழந்தை."

"எந்த மரம் கொடுத்தது?"

"அங்கேதான் சிக்கல். மூன்றிலும் தொட்டில் கட்டியிருக்கிறாள்."

"யார் அந்தப் பேராசைக்காரி? இழுத்து வாருங்கள்!" என்று துள்ளினார் மருதப்பர்.

"பெயரை நான் எப்படிச் சொல்வேன்? தொட்டில் துணியைத்தான் பார்த்தேன். மாம்பழ நிறப் பட்டு, அன்னப்பட்சிக் கரை."

அரசனுக்கு முகம் வெளுத்தது. கல்யாணத்தன்று ராணிக்கு அவனே கொடுத்த கூறைப்புடவை அது! திரைக்குப் பின்னால் ராணி நல்லமங்கை இருமினாள். அவள் மடியில் இளவரசன் வீறிட்டு அழுதான்.

"கொடுத்த மரத்தை வெட்டினால், கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்கிறார்கள், அரசே. நமக்கென்ன, தச்சர் தயார். எந்த இரண்டை வெட்டட்டும்?"

"ஒரு இலையைக்கூடத் தொடாதே!" அரசன் அலறினான். மருதப்பர் சத்தமில்லாமல் தச்சனை வெளியே தள்ளினார். அதைப் பார்த்த அரசனுக்கு உத்தரக் கணக்குப் புரிந்துவிட்டது. "மருதப்பரே, உமது மாளிகை இனி யாத்திரை வருகிறவர்கள் தங்கும் சத்திரம். சாத்தையா, சத்திரத்துக்கு நீதான் அதிகாரி."

பயம் தெளிந்ததும் அரசனுக்கு ரோஷம் வந்தது.

"ஏனப்பா, ஒரு பிள்ளைக்கு ஒரு மரம் போதாதா?"

சாத்தையன் பணிவாகக் குனிந்தான். "மற்ற வீட்டுக்குப் போதும், அரசே. இங்கே தகப்பன் தாங்களாயிற்றே! ஒற்றை மரம் தனியாக என்ன செய்யும், பாவம்?"

திரைக்குப் பின்னால் ராணிதான் முதலில் சிரித்தாள். அரசனும் சேர்ந்து சிரித்தான். வேறு வழி?