கொக்கு இருந்த பக்கம்

"இத்தனை வருஷமா உங்ககிட்ட கத்துக்கறேன் ஆச்சி. ஒரு தடவையாவது 'சேவுகனுக்குத் தெரியும்'னு உங்க வாயால சொல்லியிருக்கீங்களா?"

அடுப்பில் சுக்குக் காபி கொதித்துக்கொண்டிருந்தது. மெய்யம்மை அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சேவுகனைவிட அவள் வயதில் சின்னவள்; 'ஆச்சி' என்பது அந்தப் பக்கத்தில் பெண்களை மரியாதையாக அழைப்பது. ஆனால் காரைக்குடிப் பக்கம் எந்த வீட்டுப் பெட்டகத்திலிருந்து பழைய பீங்கான் வெளியே வந்தாலும், அது அசலா போலியா என்று கேட்க அவளிடம்தான் வருவார்கள். மளிகைக் கடையைத் தம்பி தலையில் கட்டிவிட்டு, சேவுகனும் அப்படித்தான் அவளிடம் வந்து சேர்ந்தார். மாணவராக.

"இன்னைக்குச் சொல்லியே ஆகணும்" என்றார்.

மடியிலிருந்த துணிப் பொதியைப் பிரித்தார். வைக்கோல், பஞ்சு, பழைய பட்டுத் துண்டு. கடைசியில் ஒரு கிண்ணம். வெள்ளை உடம்பில் நீலத் தாமரைகள். விளிம்பை அண்ணாந்து பார்க்கும் ஒரு நீலக் கொக்கு.

மேசைமேல் வைத்தார். ஒருமுறை மெல்லத் திருப்பி வைத்தார். தாமரைகள் மெய்யம்மையைப் பார்த்தன.

"யாரோடது?"

"முருகப்பன் வீட்டுது. அவரோட அக்கா உண்ணாமலை ஆச்சி இந்தக் கிண்ணத்தை எடுத்துக்கறாங்க. பதிலுக்கு வீட்டுல தன் பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுக்கறாங்க. இதை வித்துத்தான் மதுரையில குடியிருக்க ஒரு இடம் பார்க்கணும்."

"சரிசமம்னு யார் சொன்னது?"

"நான்தான். காலையில ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டுச் சொன்னேன். சீனத்து அசல், ஒரு கீறல் இல்லைன்னு. இப்ப அந்த ஆச்சி கார்ல இங்க வராங்க. இங்கேருந்து நேரா பதிவு ஆபீஸ். நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிட்டா..."

"எதை வச்சுச் சொன்னீங்க?"

சேவுகன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அடிமுத்திரை பார்த்தேன். எழுத்துல பிசிறு இல்லை. அடிவளையத்தைத் தடவிப் பார்த்தேன், பட்டு மாதிரி இருக்கு. சுண்டினேன். கோயில் மணி தோத்துப்போகும்."

சுண்டியும் காட்டினார். ஓசை நீண்டு, மெலிந்து, அடங்கியது.

"நல்லா பாடுது" என்றாள் மெய்யம்மை.

அடுப்பை அணைத்தாள். பாத்திரத்தைத் துணியால் பிடித்துத் தூக்கிவந்தாள். கொதிக்கும் காபியைக் கிண்ணத்தில் ஊற்றினாள்.

"ஆச்சி!"

சேவுகன் எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"அது நம்ம வீட்டுச் சாமான் இல்லை ஆச்சி! அந்த அம்மாவோட வாழ்க்கையே இதுலதான் இருக்கு!"

"தெரியும். இப்பத்தானே சொன்னீங்க."

காபி விளிம்புவரை ஏறியது. அவள் நிறுத்தினாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

"கீறல் இல்லாத கிண்ணம்தானே அண்ணே? அப்புறம் ஏன் நடுங்கறீங்க?"

சேவுகன் எங்காவது டிக் என்று சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ஆவி மட்டும் எழுந்தது.

"குடிங்க."

"இதுலயா?"

"குடிக்கறதுக்குத்தானே செஞ்சாங்க? கவிழ்த்து அடியைப் பார்க்கறதுக்கா செஞ்சாங்க?"

அவர் நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தார். கிண்ணத்தின் அடியைத் துணியால் பிடித்து இரு கைகளாலும் தூக்கினார். முத்திரை அடியில் இருந்தது. இப்போது அதைப் பார்க்க வழியில்லை. சுண்டவும் வழியில்லை.

உதட்டில் வைத்தார். சுட்டது. வெடுக்கென்று எடுத்தார்.

"ஒரே இடத்துல குடிச்சா எப்படி? சுத்திக் குடிங்க."

கொஞ்சம் திருப்பி வைத்தார். சுட்டது. இன்னும் கொஞ்சம் திருப்பினார். சுட்டது. உள்ளுக்குள் ஒரு சின்ன வெற்றி எழுந்தது. நிமிர்ந்து பார்த்தார். மெய்யம்மையின் முகத்தில் ஒன்றும் இல்லை.

மறுபடி திருப்பினார்.

சுடவில்லை.

உதட்டை எடுக்காமல் இருந்தார். இந்தப் பக்கம் நெருப்பு, அந்தப் பக்கம் நெருப்பு. நடுவில் ஒரு நகத்தளவுக்கு மட்டும் வெதுவெதுப்பு. மெல்லப் பல்லை வைத்தார். கல்லில் பட்ட சத்தம் வரவில்லை. மெழுகில் பட்டதுபோல் இருந்தது.

கிண்ணத்தைக் கீழே வைத்தார். அந்த இடத்துக்கு நேர் கீழே நீலக் கொக்கு அண்ணாந்து நின்றது.

"ஒட்டுவேலை" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. "விளிம்பு உடைஞ்சிருக்கு. யாரோ பசை வச்சு நிரப்பி, மேல வர்ணம் பூசியிருக்காங்க. அதான் அங்க மட்டும் சூடு ஏறலை."

"ம்."

"சுண்டினப்போ பாடிச்சே ஆச்சி."

"சில்லுதானே போயிருக்கு. விரிசல் விழுந்தாத்தான் ஓசை கெடும்."

"அப்போ பாதி விலைகூடப் போகாது."

"போகாது."

வாசலுக்கு அப்பால் எங்கோ கார் ஹாரன் கேட்டது. தெரு முனையாக இருக்கும்.

சேவுகன் துண்டால் முகத்தைத் துடைத்தார். திடீரென்று கோபம் வந்தது.

"நீங்க இதைத் தொடவே இல்லை. வெளிச்சத்துல பிடிச்சுப் பார்க்கலை. ஊத்தறதுக்கு முன்னாலயே தெரியும்தானே? எப்படித் தெரிஞ்சது? அதைச் சொல்லிக்கொடுங்க. அதைத்தான் இத்தனை வருஷமா கேக்கறேன்!"

"கிண்ணத்தை நான் எங்க பார்த்தேன்?"

"பின்னே?"

"பொதியைப் பிரிச்சதும் கொக்கை உங்க பக்கம் திருப்பி வச்சீங்க."

சேவுகன் தன் கட்டைவிரலைப் பார்த்தார்.

காலையில் முருகப்பன் வீட்டுக் கூடம் நினைவுக்கு வந்தது. ஜன்னல் வெளிச்சம். விளிம்பைத் தடவியபோது கட்டைவிரலில் ஏதோ ஒன்று லேசாகத் தடுக்கியது. அப்போது முருகப்பன், "உங்க கண்ணும் ஆச்சி கண்ணு மாதிரியே ஆயிடுச்சு" என்றார். உண்ணாமலை கைகூப்பினாள். அங்கேயும் சேவுகன் கிண்ணத்தைத் திருப்பித்தான் வைத்தார். கட்டைவிரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

கார் வாசலில் வந்து நின்றது. கதவு அறைபட்டது.

"நேரமாச்சு, அங்க ஆபீஸ்ல காத்துக்கிட்டிருப்பாங்க" என்றபடி உண்ணாமலை உள்ளே வந்தாள். மேசையைப் பார்த்து அப்படியே நின்றாள். "அடக் கடவுளே, இதுலயா காபி குடிக்கறீங்க?"

அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சேவுகனிடம் திரும்பினாள்.

"நீங்க சொன்னா சரி அண்ணே. கிளம்பலாமா?"

சேவுகன் மெய்யம்மையைப் பார்த்தார். அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் கிண்ணத்தைப் பிடித்தார். இன்னும் சுட்டது. மெல்லத் திருப்பினார், கொக்கு உண்ணாமலையைப் பார்க்கும்வரை.

"இங்க தொட்டுப் பாருங்க" என்றார்.