மூழ்கிய வள்ளத்துப் பாசி

மூட்டுவலி என்று படகு முதலாளியான சம்மாட்டி தொபியாஸ் முற்றத்துக் கட்டிலோடு கிடந்தார். கடல்பாசி எடுத்து விற்கும் சவரியாயியைக் கூப்பிட்டனுப்பினார்.

"மூட்டு வீக்கத்தைப் பாசி வாங்குமாமே. இன்னைக்கே நான் நடக்கணும். இல்லைன்னா கடலுக்குள்ள இருக்கிற பாசித் திட்டுல ஒரு பொம்பளையும் கால் வைக்கக் கூடாது."

அவள் பாசியை அரைத்து முழங்காலில் பூசினாள்.

"கடல்ல சாக விட்டுட்டு வந்தீங்களே, அந்த மிக்கேலோட மூழ்கின வள்ளத்துல சுரண்டினது. அவன் பிடிச்சா அசையாதீங்க."

வெயிலில் காய்ந்த பாசி தோலை இறுக்கியது. சம்மாட்டி அலறிக்கொண்டு அதைக் கழுவக் கடலுக்கு ஓடினார். ஊரே பார்த்தது.

"பாசிக்கு வலி கேட்டிருச்சா, இல்ல வலியே பொய்யா, சம்மாட்டி?" என்றாள் சவரியாயி.

"கேட்டிருச்சு" என்றார் அவர். அவர் சொன்ன சொல்படியே திட்டு பெண்களுக்கே என்றானது.

உண்மையில் அது கரைப்பாறைப் பாசிதான். பெண்களிடம் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே சவரியாயி சம்மாட்டியின் முழங்காலைப் பார்த்தாள். பாசியைக் கழுவிய இடத்தில் ஐந்து விரல்களின் தடம் பதிந்திருந்தது.