முத்திருளாயி போடாத கணக்கு

சீடருக்கு வயது நாற்பத்தெட்டு, குருவுக்கு முப்பத்தைந்து. எம்.எட். படிப்பில் இப்படியும் அமைவதுண்டு.

சீடர் தனுஷ்கோடி, ராமநாதபுரம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியர். பாதி ஆயுளைக் கரும்பலகை முன்னால் கழித்த பிறகு மேல்படிப்பு ஆசை வந்து, விடுமுறை நாளெல்லாம் கல்வியியல் கல்லூரிக்கு வந்து போனார். குரு ஜமீலா, அவருடைய ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியை. அதிகம் பேசமாட்டார். அவர் அறைக்குள் போகுமுன் எல்லோரும் ஒருமுறை சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்வார்கள்.

பிள்ளைகளின் வாழ்க்கையை ஒட்டிப் பாடம் நடத்துவது எப்படி என்பது தனுஷ்கோடியின் ஆய்வு. அவர் பள்ளிக்குக் கீதாரிப் பிள்ளைகள் வருவார்கள். அறுவடை முடிந்த வயல்களில் ஆட்டுக்கிடை போட்டு ஊர் ஊராகப் போகிறவர்களின் பிள்ளைகள். கிடை பக்கத்தில் இருக்கும்வரை வகுப்பிலும் இருப்பார்கள்.

ஒரு சனிக்கிழமை தனுஷ்கோடி ஆய்வேட்டோடு வந்து நின்றார். முகத்தில் கல்யாண வீட்டுக் களை. குருவின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

“உட்காருங்க சார்” என்றார் ஜமீலா.

“ஆப்பிள், ஆரஞ்சு எல்லாத்தையும் தூக்கிட்டேன் மேடம். கணக்குப் பூராவும் ஆடாவே மாத்திட்டேன். அவங்க உலகம் அதுதானே.”

“ஒரு கணக்கு சொல்லுங்க.”

“முத்திருளாயி வீட்டில் முப்பது ஆடுகள். நான்கை நரி கொண்டுபோனது. ஐந்து நோய் வந்து செத்தன. மீதி எத்தனை?” தனுஷ்கோடி நிமிர்ந்து உட்கார்ந்தார். “முத்திருளாயி எங்க மூணாப்புப் பிள்ளை மேடம். அது பேரையே போட்டேன்.”

“என்ன விடை சொன்னா?”

“விடையா? சிலேட்டுல எழுதின கணக்கை உள்ளங்கையால அழிச்சிட்டு, ‘எங்க ஆட்டை நரி தூக்கல சார்’னு சொல்லுது. வகுப்பே சிரிச்சிருச்சு.” இப்போதும் அவருக்குச் சிரிப்பு வந்தது. “மத்த கீதாரிப் பிள்ளைகளும் வாயே திறக்கல.”

“ஆப்பிள் கணக்கு?”

“அதை எப்படியோ சரியாப் போட்டிருந்தா. பக்கத்துல பார்த்துப் போட்டிருப்பா.”

“கிடைக்குப் போனீங்களா?”

“போகாமலா? அவ அப்பாகிட்ட ஆடு எத்தனைன்னு கேட்டேன். ‘ஏதோ சாமி புண்ணியத்துல கெடக்குய்யா’ங்கிறார். அவருக்கே எண்ணிக்கை தெரியல. பிள்ளைக்கு எங்கிருந்து வரும்?”

ஜமீலா கடைசி அத்தியாயத்தைப் புரட்டினார். கீதாரிப் பிள்ளைகளுக்குக் கழித்தல் திறன் குறைவு என்று அழகான கையெழுத்தில் முடிவு எழுதியிருந்தது. முத்திருளாயியை ஒரு வகுப்பு இறக்கி உட்கார வைக்கலாம் என்று பரிந்துரையும் இருந்தது.

“திங்கக்கிழமையே இறக்கிரலாம்னு தலைமையாசிரியர் சொல்லிட்டார். அவ நல்லதுக்குத்தான்” என்றார் தனுஷ்கோடி. பிறகு குரல் தணிந்தது. நல்ல மனிதர், உண்மையாகவே அது அவரை உறுத்திக்கொண்டிருந்தது. “ஒண்ணுதான் புரியல மேடம். அவங்க ஆட்டை வச்சே கேட்டும் ஏன் வரமாட்டேங்குது?”

ஜமீலா பேனா மூடியைத் திறக்கவில்லை.

“உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க சார்?”

“ரெண்டும் பொண்ணு. பெரியவ சுடர்விழி, சின்னவ இளமதி.”

ஜமீலா எழுந்து சுவரிலிருந்த கரும்பலகைக்குப் போனார். சுண்ணக்கட்டியை எடுத்து, ஒன்றாம் வகுப்புக்கு எழுதுவதுபோல் நிதானமாக எழுதினார்.

‘தனுஷ்கோடி சார் வீட்டில் இரண்டு பெண்கள். இளமதிக்குக் காய்ச்சல் வந்து’

அதற்கு மேல் எழுத முடியவில்லை. நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, தனுஷ்கோடி ஓடி வந்திருந்தார். டஸ்டர் கைக்கெட்டும் இடத்தில்தான் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. உள்ளங்கையாலேயே அழுத்தித் தேய்த்து, மகளின் பெயரில் ஒரு கோடுகூட மிச்சமில்லாமல் அழித்தார். பயமும் கோபமும் ஒன்றாக வந்து அவருக்கு மூச்சு வாங்கியது.

“விளையாட்டுக்குக்கூட இப்படி எழுதுவாங்களா மேடம்?”

ஜமீலா நாற்காலியைத் தூக்கி நிறுத்தினார். அவர் குரல் உயரவில்லை.

“சின்னக் கணக்குதான் சார். மீதி எத்தனை?”

தனுஷ்கோடி வெள்ளையாகிப் போயிருந்த தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜமீலா ஆய்வேட்டை மூடி, கையெழுத்துப் போடாமலே அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

“கழித்தல் உங்களுக்கும் வரல போலிருக்கே. திங்கக்கிழமை முத்திருளாயியோட சேர்த்து உங்களையும் இறக்கிரச் சொல்லலாமா?”