சலேத் படகின் வெள்ளைக் கோடு

தண்டல் ரெமிஜியுசிடம் பாய் பிடிக்கக் கற்றவர்களுள் அவரினும் மூத்தவர் ஒருவர் இருந்தார். பெயர் இன்னாசி வாஸ், வயது அறுபத்திரண்டு. ஆசானுக்கு நாற்பத்தேழு. ஆகவே மாணவர் ஆசானைத் 'தண்டலே' என்பார். ஆசான் மாணவரை 'அண்ணாச்சி' என்பார். இதில் இருவருக்கும் குறையொன்றும் தோன்றியதில்லை.

தோணியை நடத்திச் செல்பவனுக்குத் தூத்துக்குடியில் தண்டல் என்று பெயர். சரக்குத் தோணியில் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பலமுறை போய்வந்த ரெமிஜியுஸ், இப்போது பழைய பாய்ப்படகு வாங்குவோருக்காகப் படகைச் சோதித்துச் சொல்வார். வாங்கியபின் அதை ஓட்டவும் கற்பிப்பார். கேட்டதற்கு மட்டும் விடை சொல்வார். அண்மைக் காலமாக அதுவும் குறைந்திருந்தது.

இன்னாசி வாஸ் முப்பது ஆண்டுகள் கப்பல்களில் இயந்திரப் பொறியாளராக இருந்தவர். அந்த முப்பது ஆண்டுகளும் அவர் மனைவி பிலோமினா வாசலில் நின்று கையசைத்து வழியனுப்பினார். ஓய்வு பெற்ற நாளில் இன்னாசி அவருக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். கன்னியாகுமரியைச் சுற்றி, கரையோரமாகவே பாய் விரித்து, இருவருமாகக் கோவாவுக்குப் போய்ச் சவேரியாரைக் கும்பிட்டு வருவது என்பதே அந்த வாக்கு.

அதற்காகவே ஒரு பழைய பாய்ப்படகை வாங்கினார். முப்பத்தாறு அடி நீளம், ஃபைபர் உடல். வெளிநாட்டார் ஒருவர் இத்துறைமுகத்தில் விட்டுவிட்டு விமானம் ஏறிப் போன படகு. பிலோமினா அதற்குச் சலேத் என்று மாதாவின் பெயரை இட்டார். அது நடந்து ஏழு ஆண்டுகள் ஆகிவிட்டன. சலேத் இன்னும் அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டவில்லை.

சோம்பல் காரணமன்று. இன்னாசி நாள்தோறும் படகில் உழைத்தார். கசிவை அடைத்தார். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் அத்தனையையும் மாற்றினார். இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டினார். அத்தோடு நில்லாமல், கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி ஒன்று, குளிர்பெட்டி, தானே சுக்கான் பிடிக்கும் கருவி, பாட்டரிகள் எட்டு என்று ஏற்றிக்கொண்டே போனார். ஒவ்வொன்றுக்கும் மாற்று ஒன்றும் வாங்கினார். சிலவற்றுக்கு மாற்றுக்கும் மாற்று.

இதற்கும் ஒரு காரணம் இருந்தது. முன்னொரு காலத்தில் அவர் வேலை பார்த்த கப்பலில் உள்ளங்கை அகலமுள்ள ஒரு ரப்பர் வளையம் அறுந்துபோயிற்று. மாற்று வளையம் கையிருப்பில் இல்லை. கப்பல் ஒன்பது நாள் நடுக்கடலில் மிதந்தது. அந்த ஒன்பது நாட்களுக்குள் ஊரில் பிலோமினாவின் தகப்பனார் இறந்து அடக்கமும் முடிந்திருந்தது. அன்றிலிருந்து 'இல்லை' என்ற சொல்லை இன்னாசியால் தாங்க முடிந்ததில்லை.

மாசி மாதத்தில் ஒரு நாள், வண்ணம் பூசுவதற்காகச் சலேத்தைக் கரையேற்றி முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். வாடைக்காற்று ஓய்ந்துவிட்டது. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று கிளம்ப இரண்டு மாதம் இருந்தது. போவதானால் அந்த இரண்டு மாதத்துக்குள் போகவேண்டும்.

இன்னாசி ஆசானிடம் வந்து நின்றார். கண்கள் சிவந்திருந்தன.

கொச்சியில் நாற்பத்துநான்கு அடிப் படகொன்று விலைக்கு வந்திருப்பதாகச் சொன்னார். சொந்தக்காரர் இறந்துவிட்டார், குடும்பத்தார் வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்கிறார்கள். சலேத்தில் இனி ஒரு திருகாணி வைக்கவும் இடமில்லை. சலேத்தை விற்று அதை வாங்கிவிட்டால் எல்லாம் கொள்ளும். ஆசான் உடன் வந்து அதைச் சோதித்துச் சொல்லவேண்டும்.

"அதைச் சரிபண்ண எத்தன வருசம் ஆகும்?" என்றார் ரெமிஜியுஸ்.

"மூணு வருசம். நாலுக்கு மேல போகாது."

"மதினி என்ன சொல்லுதாவ?"

இன்னாசி மெல்லச் சொன்னார். காலையில் பிலோமினாவிடம் இதைச் சொல்லியிருக்கிறார். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாள், இந்த ஆண்டு ஏணி ஏற முடியும், அடுத்த ஆண்டு முடியாது, அதற்குப்பின் நீங்களே போய் வாருங்கள் என்றிருக்கிறார். குரலில் கோபமில்லை. அதுதான் இன்னாசியை உறுத்திற்று.

ரெமிஜியுஸ் எழுந்து சலேத்தின் அருகே போனார். வண்ணக்காரர் பெல்லார்மின் அங்கே சிவப்பு வண்ணத்தைக் கலக்கிக்கொண்டிருந்தார். நீருக்குள் அமிழும் பகுதிக்குப் பாசி பிடிக்காத சிவப்பு. நீர் தொடும் மட்டத்துக்கு மேலே, அடையாளமாகச் சுற்றிலும் ஒரு வெள்ளைக் கோடு. இதுவே சலேத்தின் உடுப்பு.

ஆசான் கீழே கிடந்த சுரண்டியை எடுத்தார். வெள்ளைக் கோட்டுக்குக் கீழே சிவப்பைச் சுரண்டினார். உள்ளேயிருந்து ஒரு வெள்ளை தலைகாட்டியது. இன்னும் சற்றுக் கீழே சுரண்டினார்; அங்கும் ஒரு வெள்ளை. அதற்கும் கீழே இன்னொன்று.

"இதெல்லாம் யாரு அடிச்சது?"

"நாந்தான்" என்றார் பெல்லார்மின். "படகு தாழுதுன்னு அண்ணாச்சி சொல்லுவாரு. நான் கோட்டை ஏத்தி அடிப்பேன். இப்படியே போனா, இன்னும் கொஞ்ச வருசத்துல பாய்மரத்துலதான் கோடு போடணும்."

இன்னாசி சிரிக்கவில்லை. குனிந்து, மேல்கோட்டுக்கும் அடிக்கோட்டுக்கும் நடுவே விரல்களை வைத்துப் பார்த்தார். நான்கு விரற்கடை. பொறியாளர் மனம் ஏறிய சுமையைத் தானாகவே கணக்கிட்டது.

"ஒன்றரை டன்" என்று முணுமுணுத்தார்.

பின்னர் நிமிர்ந்து, தற்காப்பாகப் பேசினார். ஏற்றியவற்றுள் வீண் என்று ஒன்றும் இல்லை, எல்லாம் பிலோமினாவின் பாதுகாப்புக்காகத்தான் என்றார். தனியாகப் போவதானால் ஒரு பலகையும் கயிறுமே தமக்குப் போதும் என்றார். அது உண்மை என்பது ரெமிஜியுசுக்குத் தெரியும்.

"நீங்க கொழும்புக்குப் போகும்போது தோணியில மாத்துப் பம்பு கிடையாதா, தண்டலே?"

"ஒரு பம்பும் கிடையாது. வாளி இருந்திச்சு."

"வாளி ஓட்டையாச்சுன்னா?"

"அதுக்குள்ள கொழும்பு வந்துரும், அண்ணாச்சி."

பெல்லார்மின் வண்ண டப்பாவுக்குள் முகத்தைத் தாழ்த்திக்கொண்டார்.

ரெமிஜியுஸ் சுரண்டியைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் களைப்புத் தெரிந்தது. இவ்விதப் படகுகளைப் பல கரைகளில் அவர் பார்த்திருந்தார். எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, முட்டுக்கட்டைகளின்மீதே மூப்படைந்து நிற்பவை அவை. அவற்றின் சொந்தக்காரர்கள் யாவரும் நல்லவர்கள். யாவரும் உழைப்பாளிகள்.

"மதினியைக் கூட்டிட்டு வாங்க" என்றார். "ரெண்டு நாளைக்கு வேண்டியத எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

"படகு இன்னும் கரையிலல்லா இருக்கு."

"கரையிலயே இருக்கட்டும்."

பிற்பகல் நான்கு மணிக்குப் பிலோமினா வந்தார். கையில் ஒரு துணிப்பை. அதில் இரண்டு சேலை, முழங்கால் தைலம், மாத்திரை, ஒரு செபமாலை. ஏணிக்குப் பன்னிரண்டு படிகள். ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து, நின்று, மறுபடி ஏறினார். இன்னாசி பின்னால் ஏறித் தாங்கிக்கொண்டார். ரெமிஜியுஸ் கீழேயே நின்றார். மேலே திறந்திருந்த கதவின் வழியாகப் பேச்சு அவர் காதில் விழுந்தது.

பிலோமினா படகின் உட்புறத்தை நன்றாகப் பார்த்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. சுற்றிலும் பார்த்துவிட்டு, "ரொம்பச் சுத்தமா வச்சிருக்கிய" என்றார். மெய்யாகவே பாராட்டினார். டப்பாக்கள் எல்லாவற்றிலும் சீட்டு ஒட்டி, உள்ளே இருப்பது என்ன, எத்தனை என்று அச்சுப்போல் எழுதியிருந்தது.

பிறகு கேட்டார்: "பைய எங்க வைக்க?"

இன்னாசி இடப்பக்கப் படுக்கையைக் காட்டினார். அதில் எட்டுப் பெட்டிகள் இருந்தன. ஒன்றை எடுத்தார், இயந்திரத்தின் மாற்று வார்கள். அதை எங்கே வைப்பது என்று பார்த்தார். வலப்பக்கப் படுக்கையில் இரண்டாம் பாய் மடித்துக் கட்டிக் கிடந்தது. முன்னறையில் மாற்றுச் சங்கிலி, உயிர்காக்கும் மிதவை, மருந்துப் பேழை. கழிப்பறையில் ரப்பர்க் குழாய்ச் சுருள்கள். எடுத்த பெட்டியை மறுபடி அதன் இடத்திலேயே வைத்தார். வேறொன்றை எடுத்தார், அதன் அடியில் இன்னொன்று இருந்தது.

ஒவ்வொரு பெட்டியைத் தொடும்போதும் அது எதற்கானது என்று சொல்லிக்கொண்டே வந்தார். பிலோமினா கேட்டுக்கொண்டே நின்றார். இடையில் ஒருமுறை, அந்த வளையம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று வினவினார். பன்னிரண்டு வளையங்கள் இருப்பதாக இன்னாசி சொன்னார். இறந்த தகப்பனாரின் பெயரை இருவருமே சொல்லவில்லை.

சற்று நேரத்தில் முழங்கால் தாங்கவில்லை போலும். பிலோமினா உள்ளே இறங்கும் படிக்கட்டிலேயே உட்கார்ந்தார். பையைத் தொடைமேல் வைத்தார்.

"விடுங்க. நான் மடியிலயே வச்சுக்கிடுதேன்."

இன்னாசி திரும்பி நின்று, கொச்சிப் படகைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அது எட்டடி நீளம் கூடுதல். அதில் இரண்டு தனி அறைகள். அலமாரிகள் இதைப்போல் இருமடங்கு.

பிலோமினா பொறுமையாகக் கேட்டார். முப்பது ஆண்டுகள் கடிதங்களில் இயந்திரங்களைப் பற்றியே படித்தவர் அவர்.

"அங்கயும் மடியிலதான் வச்சுக்கிடுவேன்" என்றார்.

பெல்லார்மின் வேலையை முடித்துக்கொண்டு கைகழுவப் போனார். வெயில் தாழ்ந்தது.

நெடுநேரம் கழித்து இன்னாசி ஏணி வழியே இறங்கி வந்தார். பிலோமினா மேலேயே உட்கார்ந்திருந்தார். இன்னாசி ஆசானின் முன்னால் வந்து நின்றார். கொச்சிப் படகைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"எதை இறக்க, தண்டலே?" என்றார். "எனக்குத் தெரியல. நீங்க உள்ள வந்து ஒவ்வொண்ணாப் பாத்துச் சொல்லுங்க. எல்லாமே வேண்டியதாத்தான் தெரியுது."

ரெமிஜியுஸ் ஏணியில் கால் வைக்கவில்லை.

"எனக்கும் தெரியாது, அண்ணாச்சி" என்றார். "மதினி எந்தப் பக்கப் படுக்கையில படுப்பாவன்னு மொதல்ல கேட்டுட்டு வாங்க."