மூன்றாவது பங்கு

குருவுக்கு முப்பத்து மூன்று வயது. சீடருக்கு ஐம்பத்தெட்டு.

குருவின் பெயர் ஜெசிந்தா, தூத்துக்குடிக்காரி. மெக்சிகோவில் ஒரு காட்டுக்குள், தரைக்கு அடியில் கிடக்கும் குகைத் தண்ணீரில் ஆட்களை முக்குளிக்கக் கூட்டிப்போவது அவள் தொழில். பதினோரு வருஷமாக அதைத்தான் செய்கிறாள்.

சீடர் சிதம்பரதாணு, நாகர்கோவில். பாலம் கட்டும் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். கடலில் நீந்தி மெடல் வாங்கியவர். வாங்கியதை யாரும் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்பவரும்கூட. இரண்டு வருஷம் படித்து, குகைக்குள் முக்குளிக்கச் சான்றிதழ் வாங்கி, ஆறு நாள் விடுமுறைக்கு வந்திருந்தார்.

கூடவே மச்சினன் பூதலிங்கமும் வந்திருந்தான். பாத்திரக்கடை வைத்திருப்பவன். வயது ஐம்பது, வஞ்சனையில்லாத தொப்பை. நாற்பத்தெட்டு வயதுவரை அவன் குளத்தில் கால் நனைத்ததோடு சரி. அவனுடைய அக்கா பகவதி, அதாவது சிதம்பரதாணுவின் மனைவி, "ஒங்க அத்தானத் தனியா விட்ராதல" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அந்த ஒரு வார்த்தைக்காக நீச்சல் கற்று, அத்தான் எழுதிய பரீட்சையெல்லாம் தானும் எழுதி, பின்னாலேயே வந்துவிட்டான். சிதம்பரதாணு இதைத் தொல்லை என்றுதான் எடுத்துக்கொண்டார்.

முதல் நாள் காலை, தண்ணீருக்குள் இறங்கும் மரப்படியில் உட்கார்ந்து ஜெசிந்தா விதிகளைச் சொன்னாள். இருவருக்கும் தெரிந்த விதிகள்தான். ஆனாலும் புதிதாகச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள்.

"முதுகுல இருக்க காத்த மூணு பங்கா நெனச்சுக்கோங்க. ஒரு பங்கு போறதுக்கு. ஒரு பங்கு வாறதுக்கு. மூணாவது பங்கத் தொடக்கூடாது."

"தொடாத காத்து எதுக்கு டீச்சர்? சும்மா சொமந்துட்டுப் போயி சும்மா சொமந்துட்டு வாறதுக்கா?"

பதில் தெரிந்தேதான் கேட்டார். வம்பு அவருக்குப் பிடிக்கும்.

"சொமந்துட்டு வாங்க அண்ணாச்சி. பொறவு பாப்போம்."

அடுத்து விரலைத் தூக்கிக் காட்டினாள்.

"மொதல் பங்கு யாருக்கு மொதல்ல தீருதோ அவங்க கட்டைவிரலத் தூக்கணும். ஒருத்தர் தூக்கினா எல்லாரும் திரும்பணும். காத்துக்கு மட்டும் இல்ல. பயமா இருக்கு, காது வலிக்கி, மனசு சரியில்ல, எதுக்குன்னாலும் தூக்கலாம். ஏன் தூக்கினன்னு யாரும் கேக்கக்கூடாது. உள்ளயும் கேக்கக்கூடாது. வெளிய வந்தும் கேக்கக்கூடாது."

குகைக்குள் வழிகாட்டியாக ஒரு வெள்ளைக் கயிறு பாறையோடு பாறையாகக் கட்டப்பட்டிருந்தது. அது போய் முடிகிற இடத்துக்கு வெள்ளை அறை என்று பெயர். சிதம்பரதாணு இவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்தது அந்த அறைக்காகத்தான்.

"அந்த அறையில அப்படி என்ன இருக்கு டீச்சர்?"

"பொறவு சொல்லுதேன் அண்ணாச்சி."

இறங்கினார்கள்.

பூமிக்குள் இருக்கிற தண்ணீர் சில்லென்று இருக்கும் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். "ஆறுன வெந்நி மாதிரில்லா இருக்கு" என்று பூதலிங்கம் பூரித்துப் போனான். உள்ளே விளக்கை அடித்தால் தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. அத்தனை தெளிவு. எந்தக் காலத்திலோ குகை காய்ந்து கிடந்தபோது சொட்டுச் சொட்டாக வளர்ந்த கல் தூண்கள் கூரையிலிருந்து ஆயிரக்கணக்கில் தொங்கின. தாழம்பூ நிறத்தில் சில, பால் நிறத்தில் சில. அவற்றுக்கு நடுவே மூன்று பேரும் காற்றில் மிதப்பதுபோலப் போனார்கள்.

பத்து நிமிஷம் ஆகியிருக்காது. பூதலிங்கம் ஒரு பெரிய தூணைப் பார்த்து சொக்கிப் போய், முப்பது வருஷப் பழக்கத்தில், 'பிரமாதம்' என்று கட்டைவிரலைத் தூக்கிவிட்டான்.

ஜெசிந்தா அந்தக் கணமே திரும்பினாள். அவன் கையை ஆட்டிப் பார்த்தான், தலையை ஆட்டிப் பார்த்தான். தூக்கிய விரல் தூக்கியதுதான். எல்லாரும் வெளியே வந்தார்கள். அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சிதம்பரதாணு மட்டும் அன்று முழுக்க அவனோடு பேசவில்லை.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் விரல் சரியான காரணத்துக்கே உயர்ந்தது. காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டும் மீட்டரில் இருநூற்றுப் பத்தோடு கிளம்பினால் நூற்று நாற்பதில் திரும்ப வேண்டும். அத்தானின் மீட்டர் நூற்று எழுபதில் நிற்கும்போதே மச்சினனுடையது நூற்று நாற்பதைத் தொட்டுவிடும். பெரிய உடம்பு, பெரிய மூச்சு. அவன் என்ன செய்வான்?

"காத்து ஊதாரி" என்று சிதம்பரதாணு பெயர் வைத்தார். விடுதியில் சாப்பிடும்போது பக்கத்து மேசைக்காரர்களுக்கும் ஆங்கிலத்தில் விளக்கிச் சொன்னார். "இவன் ஒருத்தன் உள்ள போனா குகைக்கே மூச்சு முட்டும்." பூதலிங்கமும் கூடச் சேர்ந்து சிரித்தான். சிரிக்கிற ஆளுக்கு வலிக்காது என்று சிதம்பரதாணு நினைத்துக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள் அவர் ஜெசிந்தாவைத் தனியாகப் பிடித்தார். அவள் சிலிண்டர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், நாளைக்கு நாம ரெண்டு பேரு மட்டும் போவோமா? அவன் கரையில இருக்கட்டும்."

"எங்க தாத்தா முத்துக் குளிக்கப் போவாரு அண்ணாச்சி" என்றாள் அவள்.

சம்பந்தமில்லாமல் பேசுகிறாளே என்று பார்த்தார்.

"இடுப்புல கயித்தக் கட்டிட்டு உள்ள போவாரு. மேல வள்ளத்துல ஒருத்தர் கயித்தப் பிடிச்சிட்டு நிப்பாரு. அது யாரா இருக்கும், சொல்லுங்க பாப்போம்."

"நல்ல பலசாலியா பாத்து நிப்பாட்டிருப்பாங்க."

"இல்ல. பொண்டாட்டிகூடப் பொறந்தவன். அண்ணன் தம்பிகூட அசந்துரலாமாம். மச்சினன் கயித்த விடமாட்டான். விட்டா அறுறது அவன் அக்கா தாலி."

சிதம்பரதாணு சிரித்தார். "நல்ல கதைதான். ஆனா இங்க கயிறு பாறையிலல்லா கட்டியிருக்கு டீச்சர்."

"ஆமா" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த சிலிண்டரை எடுத்தாள்.

ஐந்தாம் நாளும் மூன்று பேராகத்தான் போனார்கள். பூதலிங்கம் முந்தைய நாட்களைவிட அதிகத் தூரம் தாக்குப்பிடித்தான். ஆனாலும் அறைக்கு நாற்பது மீட்டர் தூரம் இருக்கும்போது விரல் உயர்ந்தது. அன்று அத்தான் கிண்டல்கூடச் செய்யவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார். பூதலிங்கத்துக்கு அந்த மௌனம் கிண்டலைவிட மோசமாக இருந்தது.

ஆறாம் நாள். மறுநாள் விமானம். சிதம்பரதாணு இன்னொரு முறை இங்கே வரப்போவதில்லை. இதயத்தில் ஏதோ முணுமுணுப்பு கேட்கிறது, இதோடு முக்குளிப்பை நிறுத்திக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். வெள்ளை அறையை இன்றைக்குப் பார்த்தால் பார்த்ததுதான்.

ஜெசிந்தா முன்னால் போனாள். நடுவில் பூதலிங்கம், பின்னால் சிதம்பரதாணு. நல்ல தண்ணீரும் அடியிலிருக்கும் உப்புத் தண்ணீரும் உரசிக்கொள்கிற இடத்தில் எல்லாம் கானல்போல நெளிந்தது. அதைத் தாண்டியதும் பழையபடி தெளிந்தது. நேற்று திரும்பிய இடம் வந்தது. பூதலிங்கம் திரும்பவில்லை. சிதம்பரதாணுவுக்கு நம்பமுடியவில்லை. பயல் ஒருவழியாக மூச்சு விடக் கற்றுக்கொண்டான் என்று மகிழ்ந்தார்.

ஜெசிந்தா திரும்பி, இரண்டு பேரிடமும் மீட்டர் கணக்கைக் கேட்டாள். சிதம்பரதாணு பார்த்துவிட்டு விரல்களால் நூற்று அறுபது என்றார். பூதலிங்கம் நூற்று ஐம்பது என்றான்.

சிதம்பரதாணுவின் விளக்கொளியின் நுனியில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. அறையின் வாசல். பத்து மீட்டர் தூரம்தான் இருக்கும். கால்களை நாலு முறை அடித்தால் போதும்.

ஜெசிந்தா கட்டைவிரலைத் தூக்கினாள்.

தண்ணீருக்குள் கோபப்படுவதற்கும் காற்று வேண்டும். சிதம்பரதாணுவின் வாயிலிருந்து குமிழிகள் கூரை வரைக்கும் கொப்பளித்தன. வாசலைக் கைகாட்டினார். மீட்டரைக் கைகாட்டினார். அவள் விரலை இறக்கவில்லை. முகமூடிக் கண்ணாடிக்குள் அவள் கண்கள் அவரைப் பார்க்கவுமில்லை. அவை பூதலிங்கத்தின்மேல் இருந்தன.

பிறகு அவள் சிதம்பரதாணுவிடம் ஒரு சைகை செய்தாள். உங்கள் காற்றை அவருக்குக் கொடுங்கள்.

அவருக்குப் புரியவில்லை. ஆனால் பழக்கிய கை தானாக வேலை செய்தது. வாயில் வைத்து மூச்சுவிட்டுக்கொண்டிருந்த நீளக்குழாயை எடுத்து மச்சினனிடம் நீட்டினார். கழுத்தில் தொங்கிய இன்னொன்றைத் தன் வாயில் வைத்துக்கொண்டார். அப்போதுதான் பூதலிங்கத்தின் மீட்டரைப் பார்த்தார். நூற்றுப் பத்து. வந்த வழியே திரும்புவதற்கே மட்டுமட்டு. இன்னும் பத்து மீட்டர் உள்ளே போய், அந்த அறையில் அஞ்சு நிமிஷம் நின்றிருந்தால்? அவர் கணக்கில் கெட்டிக்காரர். மனசுக்குள் போட்ட கணக்கு சட்டென்று முடிந்தது. வெளியே வருவதற்குள் அவனுக்குக் காற்று தீர்ந்திருக்கும்.

குழாயின் நீளம் இரண்டு மீட்டர். ஆகவே திரும்பும் வழி முழுக்கப் பூதலிங்கம் முன்னால், இரண்டு மீட்டர் பின்னால் அவர். மச்சினன் போகிற வேகம்தான் அவர் வேகம். ஒருவன் மூச்சு விடும் சத்தம் தன் முதுகிலிருக்கும் சிலிண்டரில் கேட்பது அவருக்குப் புதிதாக இருந்தது.

வேறு வேலையில்லாததால் அவனையே பார்த்துக்கொண்டு வந்தார். ஆறு நாளில் அவனை அவர் பார்க்கவே இல்லை என்பது அப்போது உறைத்தது. அவன் கால்களை மடக்கி, தவளைபோல அகலமாக, மெதுவாக விரித்தான். அடியில் படிந்திருந்த மாவு மண் ஒரு துளி கலங்கவில்லை. அவர் அவசரமாக அடித்த இடங்களிலெல்லாம், போகும்போது கிளம்பிய புழுதி இன்னும் அடங்காமல் நின்றது. ஊசிபோல ஒரு கல் தொங்கிய இடத்தில் அவன் தொப்பையை எக்கி, தலையைத் தாழ்த்தி, அதைத் தொடாமல் வழுக்கிப் போனான். அதற்கும் அவன் முதுகுக்கும் நடுவே ஒரு விரற்கடைதான் இடம் இருந்தது. பாத்திரக்கடையில் அடுக்கின பித்தளையைத் தட்டாமல் முப்பது வருஷம் நடந்தவன். சிதம்பரதாணு அசந்துபோனார். கடல் மெடல்காரர் அவர்கூட அந்தக் கல்லில் இரண்டு தடவை இடித்திருந்தார்.

குகை வாசலில் சூரியன் தண்ணீருக்குள் நீலக் கம்பிகளாக இறங்கி நின்றது. மேலே வந்து தலையைத் தூக்கியபோது அவர் மீட்டர் எழுபதுக்கும் கீழே இறங்கியிருந்தது. ஆறு நாளில் முதல்முறையாக மூன்றாவது பங்கு செலவாகியிருந்தது.

மரப்படியில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். ஏன் தூக்கினாய் என்று கேட்கக்கூடாது. சிதம்பரதாணு கேட்கவில்லை. ஜெசிந்தா காலில் மாட்டியிருந்த துடுப்புகளைக் கழற்றினாள்.

பூதலிங்கம்தான் உடைந்தான்.

"நாந்தான் அத்தான் பொய் சொன்னேன்."

"ஏம்ல?"

"நாளைக்கு ஊருக்குப் போணும்லா. இனி ஒங்களால வரவும் முடியாது. எப்படியாவது ஒங்களுக்கு அந்த அறையக் காட்டிரணும்னு நெனச்சேன். என்னாலதான் ஆறு நாளும் போச்சு."

"காத்து தீந்திருந்தா என்னல செய்வ?"

"வெளிய வாறதுக்குக் காத்து காணும்னு நெனச்சேன்." தலையைக் குனிந்துகொண்டான். "காணலைன்னா நீங்க இருக்கீங்கல்லா."

தான் விளையாட்டாகச் சொன்ன ஒரு பட்டப்பெயர் இந்த மனிதனை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது என்று சிதம்பரதாணுவுக்குத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. பகவதிக்கு என்ன பதில் சொல்லியிருப்பார்? கையை நீட்டி மச்சினனின் ஈரத்தோளைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் விடவில்லை.

"டீச்சர், இவன் பொய் சொல்லுதான்னு எப்படித் தெரிஞ்சது? மீட்டர் அவன் இடுப்புலல்லா இருந்தது."

"நீங்க மீட்டரப் பாத்துட்டு விரலக் காட்டினீங்க. அவங்க என்னயப் பாத்துட்டே விரலக் காட்டினாங்க."

பூதலிங்கம் பையைத் திறந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த ஏத்தங்காய் சிப்ஸை எடுத்து முதலில் அவளிடம் நீட்டினான். அவள் இரண்டு எடுத்துக்கொண்டாள். மேலே மரத்தின் வேர்கள் பாறையைத் துளைத்துக்கொண்டு தண்ணீர்வரை தொங்கின. ஒரு ஓணான் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

சிதம்பரதாணு கோபமில்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டார்.

"இனி நான் பாக்கப்போறது இல்ல டீச்சர். இப்பவாவது சொல்லுங்க. அந்த அறையில அப்படி என்னதான் இருக்கு?"

ஜெசிந்தா சிப்ஸை மென்று முடித்தாள்.

"ஒரு நூறு தடவ போயிருப்பேன் அண்ணாச்சி. கூட வாற எல்லாரும் உள்ள போனதும் அண்ணாந்து பாப்பாங்க." கையிலிருந்த உப்பைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "நான் அவங்களப் பாத்துட்டு இருப்பேன்."